கட்டுப் போட்ட காலும் ஒளுவும்

வாசகர் கடிதம்:

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. நாங்கள் கீழக்கரை. உம்மாவுக்குச் சர்க்கரையால் இடது காலில் புண்ணாகி இரண்டு விரல்களை எடுத்திருக்கிறார்கள். கணுக்கால் வரை கட்டு. தண்ணீர் படவே கூடாது என்கிறார் டாக்டர். சிறுநீருக்கு டியூபும் இருக்கிறது. பார்க்க வந்த ஒருவர், "கால் கழுவாமல் ஒளு (தொழுகைக்கு முன் செய்யும் கழுவல்) இல்லை, ஒளு இல்லாமல் தொழுகை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து உம்மா தொழுவதில்லை. பாங்கு கேட்டால் அழுகிறார். நேற்று யாருக்கும் தெரியாமல் கட்டோடு காலைக் கழுவப் போனார். நான் என்ன சொல்லட்டும்?

பதில்:

வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி. முதல் வேலை, அந்தக் காலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உம்மா தொழலாம், தொழவும் வேண்டும். அதற்கு வழி இருக்கிறது.

வந்தவர் சொன்னதில் பாதிதான் மார்க்கம். கால் கழுவுவது ஒளுவின் பர்ளு (கட்டாயக் கடமை) என்பது சரி. ஆனால் ஒளுவைச் சொல்லும் அதே குர்ஆன் வசனம் (மாயிதா 5:6) நோயாளியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, தயம்மும் (தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தொட்டு முகத்திலும் கைகளிலும் தடவுவது) செய்யச் சொல்கிறது. உங்களுக்குச் சிரமம் தர அல்லாஹ் விரும்பவில்லை என்பதும் அதே வசனத்தில்தான் வருகிறது. முன்பாதியை மட்டும் ஓதிக்காட்டி ஒரு நோயாளியின் தொழுகையை நிறுத்தியது பெரிய தவறு.

அபூதாவூத் ஹதீஸ் நூலில் ஒரு சம்பவம் இருக்கிறது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். தொழுகைக்கான தூய்மைக்காகக் குளிப்பதும் அவருக்குக் கடமையாகிவிட்டது. எனக்குத் தயம்மும் ஆகுமா என்று கூட இருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர்தான் இருக்கிறதே, ஆகாது என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், "அவரைக் கொன்றுவிட்டார்கள்" என்று கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா என்றார்கள். உம்மாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள். சர்க்கரைப் புண்ணில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி செய்முறை. உங்கள் பக்கம் பெரும்பாலும் ஷாபி மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவு) என்பதால் அதன்படி சொல்கிறேன். கட்டிலோரம் உம்மாவை உட்கார வைத்து, மடியில் ஒரு பேஸின் வையுங்கள். நிய்யத்தோடு (மனதில் எண்ணத்தோடு) முகம், முழங்கை வரை கைகள், தலையில் மஸ்ஹு (ஈரக்கையால் தடவல்), எல்லாம் வழக்கம்போலத்தான். கால் முறை வரும்போது காயத்துக்காகத் தயம்மும். அதற்கு ஒரு தட்டில் புழுதியுள்ள சுத்தமான காய்ந்த மண் வேண்டும். பெயின்ட் அடித்த சுவர் ஷாபியில் போதாது. அதற்கு முன் முகத்தையும் கையையும் துவாலையால் நன்றாக ஒற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் புழுதி சேறாகிவிடும். ஒரு முறை உள்ளங்கைகளை மண்ணில் தட்டி முகம், மறுமுறை தட்டி முழங்கை வரை கைகள். அப்புறம் வலது காலைக் கழுவிவிட்டு, கட்டின் மேல் ஈரக்கையால் ஒரு தடவல். அந்த ஈரம்கூட ஆகாது என்று டாக்டர் சொன்னால் அதையும் விட்டுவிடலாம். ஹனபி மத்ஹபில் இன்னும் எளிது: கட்டின் மேல் தடவினால் போதும், தயம்மும் தேவையில்லை.

ஒளு இல்லாத நேரத்தில் போட்ட கட்டாக இருந்தால், குணமான பிறகு அந்தத் தொழுகைகளை மீட்டித் தொழ வேண்டும் என்று ஷாபி நூல்களில் உண்டு. அதை ஊர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம். அதற்காக இன்றைய லுஹர் (நண்பகல் தொழுகை) காத்திருக்கக் கூடாது.

டியூப் விஷயத்தில் உம்மாவுக்கு ஒரு துணை இருக்கிறார், ஃபாத்திமா பின்த் அபூ ஹுபைஷ் (ரலி). எனக்கு உதிரம் நிற்பதே இல்லை, தொழுகையை விட்டுவிடட்டுமா என்று அவர் நபியவர்களிடமே கேட்டார். வேண்டாம், அது ஒரு இரத்தக் குழாயிலிருந்து வருவது என்று பதில் வந்தது. மாதவிடாய் நாட்கள் போக மற்ற நாட்களில் தொழச் சொன்னார்கள். உம்மாவின் மனதில் இருக்கும் அதே கேள்விதான். சிறுநீர் நிற்காதவர்களுக்கான சட்டத்தை இமாம்கள் இதிலிருந்துதான் எடுத்தார்கள். ஆகவே, நேரம் வந்த பிறகு பையைக் காலி செய்து, சுத்தம் செய்து, ஒளு எடுத்துத் தாமதிக்காமல் தொழ வேண்டும். தொழும்போது டியூபில் இறங்குவது தொழுகையை முறிக்காது. ஒவ்வொரு பர்ளுத் தொழுகைக்கும் புதிதாக ஒளுவும் தயம்மும் வேண்டும். ஐந்து வேளையும் தட்டும் பேஸினும் தூக்குவது உங்களுக்குச் சிரமம்தான், பிள்ளைகளையும் உதவச் சொல்லுங்கள்.

உம்மா உட்கார்ந்தே தொழட்டும். மூலநோயோடு இருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்று நபியவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்தால் முகம் கிப்லாவுக்கு (மக்காவின் திசைக்கு) வருகிறதா என்று மட்டும் பாருங்கள். நம் பக்கத்தில் மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே திரும்ப வேண்டும்.

இத்தனை நாள் விடுபட்டதைக் களாச் செய்ய வேண்டும், அதாவது பிறகு தொழுது ஈடுகட்ட வேண்டும். ஒரே நாளில் தொழுது தீர்க்க உம்மா கிளம்பிவிடுவார், விடாதீர்கள். ஒவ்வொரு பர்ளு முடிந்ததும், புதிதாக ஒளுவும் தயம்மும் செய்து, விடுபட்டதில் ஒன்று, அதுவும் உடம்பு இடம் கொடுத்தால்.