வயதான பூனையும் நாள்பட்ட நோயும்: கேள்வி பதில்

கே: அக்கா, எங்கள் பூனைக்கு 14 வயது. சிறுநீரகக் கோளாறாம், கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவு) 3.1. இன்னும் எத்தனை நாள் இருக்கும்?

ப: அந்த ஒரு எண்ணை வைத்து நாள் கணக்குப் போடாதீர்கள். சிறுநீரக நோயின் நான்கு நிலைகளில் இது மூன்றாவதின் தொடக்கம். உடம்பில் நீர் வற்றியிருந்தபோது ரத்தம் எடுத்திருந்தால் எண் கூடுதலாகவே காட்டும். இந்த நிலையில் வருடக்கணக்கில் ஓட்டிய பூனைகளும் உண்டு. ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்த்தார்களா? பார்க்காவிட்டால் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் எகிறினால் திடீரென்று கண் பார்வையே போய்விடும்.

கே: சிறுநீரகத்துக்கான உணவைத் தொடவே மாட்டேன் என்கிறது. பட்டினி போட்டால் வழிக்கு வருமா?

ப: வேண்டவே வேண்டாம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பிக்கும், அது தனி ஆபத்து. கிண்ணத்தருகே ஆசையாக வந்து, முகர்ந்து, உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிப் போகிறதா? அது பிடிவாதம் இல்லை, குமட்டல். அந்த நேரத்தில் புது உணவை நீட்டினால் அதன் வாசனையையே பிறகு வெறுத்துவிடும். முதலில் குமட்டலுக்கு மருந்து வாங்குங்கள். அடங்கிய பிறகு பழைய உணவில் ஒரு கரண்டி புதியதைக் கலந்து, சில வாரங்களில் மெல்ல மாற்றுங்கள். அப்படியும் மறுத்தால் சரி, பழையதையே தின்னட்டும். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மருந்தை அதில் கலக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

கே: வீட்டிலேயே சலைன் போடச் சொல்கிறார்கள். கை நடுங்குகிறது.

ப: ஆரம்பத்தில் எல்லாருக்கும் நடுங்கும். பையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுங்கள். சில்லென்று உள்ளே போனால் எந்தப் பூனையும் துள்ளும். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, அடிப்பக்கத்தில் ஊசியைப் படுக்கைவாட்டில் செலுத்துங்கள். ரோமம் நனைந்தால் ஊசி மறுபக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். வேறு ஊசி, வேறு இடம். அப்புறம் ஒரு வீக்கம் தெரியும், முன்னங்கால் பக்கம்கூட இறங்கும். பயப்படாதீர்கள், சில மணி நேரத்தில் வற்றிவிடும். ஆனால் அளவை நீங்களாகக் கூட்டக் கூடாது. தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் சலைனை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கே: எங்களுடையது நன்றாகத்தான் தின்கிறது, ஆனாலும் இளைக்கிறது. வயசுதானே காரணம்?

ப: தைராய்டும் சர்க்கரையும் பார்க்காமல் அப்படி முடிவு கட்டாதீர்கள். குழந்தைகளை எடைபோடும் தராசு ஒன்று வாங்கி வாராவாரம் எடை பாருங்கள். நாலு கிலோ பூனையில் 200 கிராம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது அதன் உடம்பில் இருபதில் ஒரு பங்கு.

கே: மூட்டுவலிக்குப் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

ப: கூடாது. பூனைக்கு அது விஷம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதைப் படிப்பதை விட்டுவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

கே: மணல் தட்டு இருக்க, பக்கத்திலேயே தரையில் போகிறது. கோபம் வருகிறது.

ப: வரத்தான் செய்யும். விளிம்பு தாழ்ந்த, பெரிய தட்டாக மாற்றுங்கள். மூட்டு வலிக்கும் பூனைக்கு அந்த விளிம்பே தடை. மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள், சிறுநீரக நோயில் அது சகஜம்.

கே: ஐந்து நாள் வெளியூர் போக வேண்டும். போகலாமா அக்கா?

ப: தாராளமாகப் போங்கள். பார்த்துக்கொள்ள வருபவரை இரண்டு நாள் முன்பே வரவழைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அவர் கையால் ஒருமுறை ஊசி போடச் சொல்லுங்கள்.