இது நேற்று எடுத்தீங்களா?

வாசகர் கடிதம்

அன்பின் அண்ணனுக்கு,

அம்பாறை மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். வயது 31. போன வருடம் சம்பளமில்லா லீவு எடுத்துக்கொண்டு 70 நாள் இந்தியாவில் சுற்றினேன். மதுரையில் இறங்கி, ரயிலும் பஸ்ஸுமாக வடக்கே போய், நம் காரைதீவில் பிறந்த துறவி விபுலாநந்த அடிகளார் இருந்த இடம் என்பதற்காகவே இமயமலையில் இருக்கும் மாயாவதி ஆசிரமம் வரைக்கும் ஏறிவிட்டு வந்தேன். முதுகில் ஏழு கிலோ பை, அவ்வளவுதான். கோரக்பூரில் காத்கோதாம் ரயில் ஒன்பது மணித்தியாலம் பிந்தியது. எனக்குக் கோபமே வரவில்லை. ஹிந்தி தெரியாத எனக்கு அங்கே ஒரு பெரியவர் ரயில் நம்பர், பெட்டி வந்து நிற்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதித் தந்தார். அந்தத் துண்டு இன்னும் என் பேர்ஸில் இருக்கிறது.

வேறு மனுசனாகத் திரும்பியிருக்கிறேன் என்று நினைத்தேன். மூன்றே மாதம். இப்போது ஃபோட்டோகொப்பி எடுக்கப் பத்து நிமிடம் சுணங்கினாலே எரிச்சல் வருகிறது. மேசை நிறைய ஃபைல். பின்னேரம் வீட்டுக்குப் போனால் கையில் போன். அந்த 70 நாளில் படித்ததை வேலைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் கொண்டுவர வழி இருக்கிறதா, இல்லை அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதானா? நீங்கள் கதிர்காமத்துக்கு நடந்தவர், அச்சகமும் நடத்துகிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

ச.

பதில்

அன்பின் தம்பி,

முதலில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோரக்பூரில் கோபம் வராததைப் பெரிய விஷயமாக எடுக்க வேண்டாம். அன்றைக்கு உங்களை எதிர்பார்த்து எங்கேயும் எவரும் நிற்கவில்லை. காத்கோதாமுக்கு ஒரு நாள் பிந்திப் போனால் யாருக்கு என்ன? பிந்தினதற்கு ஏன் என்று கேட்க ஆள் இல்லாத இடத்தில் எல்லாரும் சாந்த சொரூபிதான். பயணத்தில் வருகிற பொறுமையில் பாதி அந்த வகை.

இதில் நானும் ஏமாந்தவன். 2012இல் மட்டக்களப்பு மாமாங்கத்தில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து கதிர்காம முருகனுக்குப் பாதயாத்திரை நடந்தேன். களுவாஞ்சிகுடி, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று கோயில் கோயிலாகப் படுத்தெழும்பி உகந்தை. அங்கிருந்து குமண காட்டுக்குள். யாத்திரையில் எல்லாரும் எல்லாரையும் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவோம். பாங்க் மெனேஜரும் சாமி, மேசனும் சாமி. அக்கரைப்பற்றில் காசு வாங்காமல் பிளேன்டீ தந்த கடைக்கார நானாவும் எங்களைச் சாமி என்றுதான் கூப்பிட்டார். அது எனக்கு நல்லாய்ப் பிடித்துப்போயிற்று. திரும்பி வந்து அச்சகத்துக்கு வருகிறவர்களையும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன்.

ஆறாம் நாள் ஒருவர் கல்வெட்டுக் கட்டோடு வந்தார். கல்வெட்டு என்றால் செத்தவர் நினைவாக அடிக்கிற சின்னப் புத்தகம். தகப்பனுடைய முப்பத்தோராம் நாளுக்கு அடித்தது. அதில் மூத்த மருமகனின் பெயர் விடுபட்டிருந்தது. புறூஃப் பார்த்துக் கையெழுத்து வைத்தவர் அவர்தான், ஆனால் பெயரை விட்டவன் நான். அவர் சத்தம் போட, நானும் பதிலுக்குப் போட, ‘சாமி’ அன்றோடு முடிந்தது. விடிய மூன்று மணிக்கு எழும்பும் பழக்கத்தையும் கொண்டுவந்து பார்த்தேன். அது வீட்டில் நாலு நாள்கூடத் தாங்கவில்லை. காரணத்தை என் மனைவியிடம் கேளுங்கள்.

ஆக, மனநிலை ஊருக்கு வராது. அதைத் தேடித்தான் நீங்கள் இந்த மூன்று மாதமும் மினக்கெட்டிருக்கிறீர்கள் என்று படுகிறது. வழியில் வேறு சில சட்டதிட்டங்கள் இருந்தன. அவை நம் குணத்தால் வந்தவை அல்ல. பையின் பாரமும் தண்ணீரும் இருட்டும் நம் மேல் போட்டவை. அவை ஊருக்கும் வரும்.

உகந்தையில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கிருந்து உள்ளே போனால் நாலைந்து நாளைக்குக் கடை கிடையாது. எங்கள் கூட்டத்தில் எழுபது கடந்த ஒரு பெத்தா, பாட்டி, இருந்தா. ஒன்பதாவது தரம் நடக்கிறா. காட்டுக்குள் இறங்குவதற்கு முதல் நாள் இரவு கோயில் மண்டபத்தில் நான் பையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, “என்ன மனே, வீட்டையே தூக்கிட்டு வந்திரிக்கீங்க?” என்று கேட்டா. பையைக் கவிழ்க்கச் சொன்னா. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, ஒரே கேள்வி: “இது நேத்து எடுத்தீங்களா?” நாலு சேட்டில் இரண்டு எடுத்திருந்தேன். பெரிய டோர்ச், எடுக்கவில்லை. வழியில் வாசிக்கலாம் என்று கட்டிவந்த தடித்த புத்தகம், எடுக்கவில்லை. மழைக்கோட்டு! கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற மாதத்தில். “நாளைக்குத் தேவைப்படும்” என்றேன். “நாளைக்கெண்டு சொல்லித்தானே மனே எல்லாரும் கட்டுறது” என்றுவிட்டு அடுத்ததை எடுத்தா. பாதிச் சாமான் மண்டபத்தில் தங்கிவிட்டது. அவவின் பொட்டணியில் இருந்தவை ஒரு சேலை, அரிசி, சீனி, உப்பு, நாலு தேசிக்காய், நெருப்புப்பெட்டி.

உங்கள் மேசையில் கிடக்கும் ஃபைல்களை வீச முடியாது, தெரியும். அரசாங்கச் சொத்து. ஆனால் எல்லாம் ஏன் மேசைமேல் இருக்க வேண்டும்? நான் அச்சகத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தக் கேள்வியைக் கேட்பேன், ‘நேற்று’ என்பதை ‘இந்தக் கிழமை’ என்று மாற்றி. கை படாதது அலுமாரிக்குப் போகும். போனுக்கும் இதே கேள்விதான். அதில் என்ன மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள்.

காட்டுக்குள் எங்கள் கூட்டத்தில் ஆக மெதுவாக நடக்கிறவர்தான் முன்னால் போவார். யானைக் காடு. இளம்பொடியன்கள் முன்னால் போனால் கூட்டம் அரை மைலுக்கு இழுபடும், பின்னால் ஒருவர் விழுந்தாலும் தெரியாது. பெத்தா முன்னுக்கு, நாங்கள் எல்லாம் அவவின் கால் நடைக்குப் பின்னால். முதல் நாள் எனக்கு அது பெரும் அந்தரமாக இருந்தது.

அச்சகத்தில் நான் செய்துவந்தது நேர்மாறு. மெஷின் மணித்தியாலத்துக்கு ஆயிரக்கணக்கில் அடிக்கும் என்பதால், வந்த வேலையெல்லாம் வாங்கிப் போட்டு அடித்துத் தள்ளுவேன். கடைசியில் எல்லாம் பைண்டிங் ஐயாவின் மேசையில் மலைபோல் குவியும். அவருக்கு வயசு, கை மெதுவு. ஆனால் அவர் தைத்த புத்தகம் பிரியாது. ஒவ்வொரு கிழமையும் அவரைத்தான் ஏசுவேன். கதிர்காமத்தால் வந்த பிறகு கணக்கை அவரிடமிருந்து தொடங்கினேன். ஒரு நாளைக்கு அவர் எத்தனை கட்டுவாரோ அத்தனைக்குத்தான் ஓடர். வருமானம் கொட்டியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு போய்ச் சேராமல் விட்டதில்லை. உங்கள் செயலகத்திலும் கடிதங்கள் ஓர் இடத்தில்தான் தேங்கும். அது கையெழுத்தா, டைப்பிங்கா, கள விஜயமா என்று ஒரு கிழமை பார்த்துக் குறித்துவையுங்கள். அது தெரிந்தால் ஃபோட்டோகொப்பி மெஷினுக்குப் பத்து நிமிடம் போவது ஒரு விஷயமாகவே தெரியாது.

தண்ணீர் அடுத்தது. காட்டில் இத்தனை மைல் நடப்போம் என்று யாரும் தீர்மானிப்பதில்லை. அடுத்த தண்ணீர் எங்கேயோ அதுவரைக்கும் நடை. குமுக்கன் ஆற்றங்கரை மருத மர நிழலுக்கு மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்தாலும் அன்றைக்கு அங்கேதான். பிறகு நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு. 2022இல் இது எனக்குச் சோறு போட்டது. மார்ச் முடிவில் 13 மணித்தியாலம் மின்வெட்டு, கடதாசியும் இல்லை. மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடச் சோதனையையே கடதாசி இல்லாமல் தள்ளிப்போட்டார்கள். அப்போது மின்வெட்டு அட்டவணை வந்தவுடன் கரண்ட் இருக்கும் நேரங்களைத் தண்ணீர் இடங்கள்போல வட்டம் போட்டு, அதற்குள் முடியும் வேலையை மட்டும் பிளேட் போட்டோம். மிச்ச நேரம் மடிப்பு, தையல், புறூஃப்.

மாயாவதிக்கு அடிகளாருக்காகப் போனேன் என்கிறீர்கள். அவர் அங்கே சும்மா இருக்கவில்லை. 1939 அளவில் போய், ‘பிரபுத்த பாரத’ என்ற ஆங்கிலச் சஞ்சிகைக்கு ஆசிரியராக இருந்தார். சிதம்பரம், இமயமலை, கொழும்பு என்று மாறிக்கொண்டே இருந்த ஆள், யாழைப் பற்றிய ஆராய்ச்சியையும் கூடவே தூக்கித் திரிந்தார். யாழ் நூல் 1947இல் வந்தது. அதே வருடம் காலமானார். பயணத்தை வேலைக்குள் கொண்டுவருவது பற்றி நாம் கதைக்கிறோம். காரைதீவு மனிதர் வேலையைப் பயணத்துக்குள் கொண்டுபோயிருக்கிறார். உங்களுக்கும் அப்படி ஒன்று அகப்பட்டால் நல்லது. அகப்படாவிட்டாலும் குறை இல்லை.

கடைசியாக அந்தத் துண்டு. உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அதுதான். கோரக்பூர் பிளாட்பாரம் 1,366 மீற்றர் நீளம். பெட்டி எங்கே நிற்கும் என்று எழுதித் தராவிட்டால் பையோடு ஓடியே செத்திருப்பீர்கள். உங்கள் கவுண்டருக்கு முன்னால் நிற்கிறவரைப் பாருங்கள். விடியவே வெளிக்கிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருப்பார். “கிராம சேவகர்ட்ட கடிதம் எடுத்துட்டு, புதன்கிழமை வாங்க” என்று வாயால் சொல்வதில் அவருக்குப் பாதிதான் விளங்கும். வெளியே போய் இன்னொருவரிடம் கேட்பார், அவர் வேறொன்று சொல்வார். என்ன பத்திரம், எந்த மேசை, எந்த நாள் என்று தமிழில் மூன்று வரி எழுதிக் கையில் கொடுங்கள்.

எழுதத் தாளுக்கு யோசிக்க வேண்டாம். கட்டிங் மெஷினுக்குக் கீழே ஓரத் துண்டுகள் மூட்டைக்கணக்கில் கிடக்கின்றன. இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், ஐயாவிடம் கொடுத்து நூறு நூறாகப் பசை போட்டுக் கட்டித் தருகிறேன். ஒரு நாள் முந்திச் சொல்லுங்கள், அவர் மெதுவு.