மைத்துனர் பெயரில் சுமத்ராவில் காபித் தோட்டம் வாங்கலாமா?

கேள்வி: நான் திருநெல்வேலிக்காரன், சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். மனைவி இந்தோனேசியக் குடிமகள், பாத்தாக் இனத்தவர். வடக்கு சுமத்ராவில், ஹும்பாங் ஹசுன்டுத்தான் மாவட்டத்து மலைக் கிராமம் ஒன்றுதான் அவர் ஊர். 2021-இல் சிங்கப்பூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். சொத்து பற்றி எந்த ஒப்பந்தமும் எழுதவில்லை. அந்தக் கிராமத்தில் ஒரு ஹெக்டேர் காபித் தோட்டம் 30 கோடி ரூபியாவுக்கு வருகிறது. ஆவணம் என்று இருப்பது கிராமத் தலைவர் கொடுத்த கடிதம் மட்டும்தான். வெளிநாட்டவரை மணந்ததால் மனைவி பெயரிலும் வாங்க முடியாது என்கிறார்கள். மைத்துனர் பெயரில் வாங்கிக்கொண்டு, அவரிடம் ஒரு கடன் பத்திரமும் ரத்து செய்ய முடியாத பவர் பத்திரமும் எழுதி வாங்கச் சொல்கிறார்கள். இரண்டு வருடத்தில் அங்கேயே குடியேற ஆசை. பணம் போடலாமா?

பதில்: மைத்துனர் பெயரில் ஒரு ரூபியாகூடப் போடாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, சிக்கல் சட்டத்திலேயே இருக்கிறது.

இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு 5-ஆம் எண் நிலச் சட்டப்படி, 'ஹக் மிலிக்' எனப்படும் முழு நில உரிமை தனிமனிதர்களில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உண்டு. அந்த உரிமையை நேராகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்குக் கொண்டு சேர்க்கும் எந்த ஏற்பாடும் செல்லாது என்கிறது 26-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. நிலம் அரசுக்குப் போய்விடும். அதோடு நிற்கவில்லை: கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது என்று அதே பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. நம் ஊரில் பினாமி என்கிறோமே, அதேதான். பவர் பத்திரமும் உதவாது. நிலத்தை மாற்றித் தரும் ரத்து செய்ய முடியாத பவரை உள்துறை அமைச்சரின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் எண் உத்தரவு தடை செய்துவிட்டது. கடன் பத்திரத்தை வைத்து வழக்குப் போட்டால், இது உண்மையான கடனா, நில வாங்கலுக்குப் போட்ட போர்வையா என்ற கேள்விதான் முதலில் வரும்.

இந்தக் கடுமைக்கு ஒரு வரலாறு உண்டு. டச்சுக்காரர் காலத்தில் கிழக்கு சுமத்ராவின் டெலி பகுதியில் புகையிலைக் கம்பெனிகள் பெரும் நிலப்பரப்பை நீண்ட குத்தகையில் வளைத்துப் போட்டன. அந்தத் தோட்டங்களில் கூலி வேலைக்குத் தமிழர்களும் போனார்கள். குடியானவன் நிலம் மறுபடி அப்படிக் கைமாறக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட சட்டம் இது. அதைச் சுற்றிக்கொண்டு போக வழி சொல்ல எனக்கு மனமில்லை. உங்களுக்கு அது தேவையும் இல்லை, ஏனென்றால் நேர்வழி திறந்தே இருக்கிறது.

மனைவி பெயரில் வாங்க முடியாது என்று சொன்னார்களே, அது பாதி உண்மை. 1974-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, திருமணத்துக்குப் பின் சேரும் சொத்து இருவருக்கும் பொது. அப்படியானால் அவர் வாங்கும் நிலத்தில் வெளிநாட்டவரான உங்களுக்கும் பங்கு வந்துவிடுகிறது. அதுதான் தடை. சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் எழுதினால் தடை நீங்கும். முன்பு அதைத் திருமணத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். அரசியல் சாசன நீதிமன்றம் 2016 அக்டோபரில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு (வழக்கு எண் 69, 2015) திருமண வாழ்வின் நடுவிலும் எழுதலாம். முதலில் உங்கள் சிங்கப்பூர்த் திருமணத்தை இந்தோனேசியக் குடிமைப் பதிவு அலுவலகத்தில் பதியுங்கள். அப்புறம் நோட்டரிஸ், அதாவது அந்நாட்டு நோட்டரி முன்னிலையில் ஒப்பந்தம் எழுதி, அதையும் அங்கேயே பதியுங்கள். பதியாத ஒப்பந்தம் மூன்றாம் நபரைக் கட்டுப்படுத்தாது.

இதற்குப் பிறகு அந்த நிலம் உண்மையாகவே உங்கள் மனைவியுடையது. நாளை பிரிய நேர்ந்தால் உங்களுக்கு அதில் பங்கு கிடையாது. அவருக்கு முன்பே ஏதாவது ஆகி, வாரிசாக உங்கள் கைக்கு வந்தாலும் ஒரு வருடத்துக்குள் தகுதியுள்ள ஒருவருக்கு மாற்றியாக வேண்டும். இதை மனப்பூர்வமாக ஏற்க முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால் இந்த முதலீடே உங்களுக்கு வேண்டாம். சொந்தக் கம்பெனி தொடங்கலாமே என்று கேட்பீர்கள். வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனிக்கு 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு அது பொருந்தாது.

சரி, நிலத்துக்கு வருவோம். எனக்கு அதிகக் கவலை இங்கேதான். கிராமத் தலைவரின் கடிதம் நிலத்தை அனுபவித்து வருவது யார் என்பதைக் காட்டும், உரிமையைக் காட்டாது. உங்கள் மனைவியின் ஊர் இருக்கும் தோபாப் பகுதியில் ஒருவர் தலைமுறையாகப் பயிரிடும் நிலம்கூட மார்காவின், அதாவது குலத்தின் நிலமாக இருக்கலாம். விற்பவர் கையெழுத்துப் போட்ட பிறகு, ஜகார்த்தாவில் இருக்கும் அவர் பங்காளி வந்து 'என்னைக் கேட்கவில்லையே' என்று நிற்பார். அதனால் முதல் நிபந்தனையாக, விற்பவர் தன் பெயரில் நில அலுவலகத்தின் சான்றிதழ் வாங்கட்டும். பங்காளிகள் எல்லோரும் எழுத்தில் சம்மதம் தரட்டும். எல்லை அளக்கும்போது பக்கத்துத் தோட்டக்காரர்கள் அங்கே நிற்கட்டும். நிலம் அரசு வனப்பகுதி வரைபடத்துக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். அதே மாவட்டத்தின் பண்டுமான், சிப்பித்துஹுத்தா கிராமத்தார் தங்கள் சாம்பிராணிக் காட்டுக்காகப் பல வருடம் போராடிய பிறகுதான் அரசின் அங்கீகாரம் பெற்றார்கள். இதெல்லாம் சரியானால் நில ஆவண அதிகாரி முன் விற்பனைப் பத்திரம் எழுதலாம். அப்படி ஒருவர் இல்லாத ஊரில் சாமாட் எனப்படும் வட்டார அதிகாரியே தற்காலிகமாக அந்த வேலையைச் செய்வதுண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1961-ஆம் ஆண்டு 224-ஆம் எண் அரசு விதிப்படி, விவசாய நிலத்தின் உரிமையாளர் அதே கெச்சமாத்தானில், அதாவது வட்டாரத்தில் வசிக்க வேண்டும். அருகில் இருந்து பார்த்துக்கொள்ள முடிகிற பக்கத்து வட்டாரம் என்றால் பரவாயில்லை. சிங்கப்பூரில் இருந்துகொண்டு வாங்கினால் உங்கள் மனைவி இந்த விதியில் மாட்டுவார். ஆகவே வாங்குவதைக் குடியேறும் நேரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். திருமணப் பதிவு, ஒப்பந்தம், விற்பவரின் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு வருடம் தேவைப்படும். அதற்குள் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று அவசரப்படுத்தினால், விட்டுவிடுங்கள்.

குடியேறும்போது மனைவி ஸ்பான்சர் செய்யும் தங்கும் அனுமதி வாங்குங்கள். 2011-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, அப்படித் தங்குபவர் குடும்பப் பிழைப்புக்காக வேலையோ தொழிலோ செய்ய இடம் தருகிறது. சுற்றுலா விசாவில் போய்த் தோட்ட வேலையில் இறங்காதீர்கள். விசாவைத் தவறாகப் பயன்படுத்தினால் 122-ஆம் பிரிவின் கீழ் 5 வருடம் வரை சிறையும் 50 கோடி ரூபியா வரை அபராதமும் விதிக்கலாம்.