90 சதவீதம் உடம்பில் சேராதாமே!

கேள்வி: எனக்கு 58 வயது. வெங்காயம், மாதுளை, ராகி எல்லாவற்றிலும் பாலிஃபீனால் (செடிகளில் இயற்கையாக இருக்கும் ஒரு வகைப் பொருள்) இருக்கிறது, உடம்புக்கு நல்லது என்று படித்தேன். மருமகனிடம் சொன்னால், "அத்தை, சாப்பாட்டில் இருப்பதில் 90 சதவீதம் ரத்தத்தில் சேரவே சேராது" என்று சொல்லி மஞ்சள் மாத்திரையும் கிரீன் டீ மாத்திரையும் வாங்கி வந்துவிட்டார். ஹீமோகுளோபின் குறைவு என்று அயர்ன் மாத்திரையும் சாப்பிடுகிறேன். காலையில் ராகிக் கஞ்சி, கையோடு ஒரு டீ. இந்தப் புது மாத்திரைகளைப் போடலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: மருமகன் சொன்ன கணக்கு ஏறக்குறைய சரி. சிறுகுடலில் உறிஞ்சப்படுவது 5 முதல் 10 சதவீதம்தான். ஆனால் மிச்சம் வீணாகிறது என்று யார் சொன்னது? அது பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்துச் சிறு சிறு பொருள்களாக்குகின்றன; அவற்றில் ஒரு பங்கு ரத்தத்துக்கு வந்து சேருகிறது. மாதுளையில் உள்ள எலாஜிடானின் என்ற பாலிஃபீனால் அப்படியே உள்ளே போவதில்லை. பாக்டீரியா அதை யூரோலித்தின் என்ற சிறு பொருளாக மாற்றினால்தான் உண்டு. அந்த பாக்டீரியா எல்லோர் குடலிலும் இருப்பதில்லை என்பதால், ஒரே பழத்தை நீங்களும் மருமகனும் பாதி பாதி சாப்பிட்டாலும் பலன் ஒன்றாக இருக்காது.

வெங்காயம் வேறு ரகம். அதன் குவர்செட்டின் என்ற பாலிஃபீனால் குளுக்கோஸோடு ஒட்டியிருக்கிறது. பால் சர்க்கரையைச் செரிக்கவைக்கும் அதே லாக்டேஸ் நொதி சிறுகுடல் சுவரிலேயே அந்த ஒட்டை வெட்டிவிடுவதால், சீக்கிரம் உள்ளே போய்விடும். வெளி அடுக்குகளில்தான் இது அதிகம். உரிக்கும்போது இரண்டு அடுக்கைச் சேர்த்துப் பிய்த்துப் போடாதீர்கள். உள்ளே போனதையும் குடலும் கல்லீரலும் உருமாற்றித்தான் ரத்தத்தில் விடும். அதனால், சோதனைக் குழாயில் அளந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண்ணை டப்பாவில் பார்த்து மயங்க வேண்டாம். அமெரிக்க வேளாண் துறையே அப்படி வெளியிட்டிருந்த பட்டியலை 2012ல் எடுத்துவிட்டது.

சரி, மஞ்சள் மாத்திரை. மஞ்சளில் உள்ள பாலிஃபீனாலான குர்குமின் 2 கிராமோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தால் உறிஞ்சுதல் 2,000 சதவீதம் கூடுகிறது என்று 1998ல் கண்டுபிடித்தவர்கள் நம் ஊர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள்தான். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் ஏறியது மிக மிகக் கொஞ்சம். அதோடு ஒப்பிட்டுச் சொன்ன சதவீதம் இது. பைப்பரின் இதைச் சாதிப்பது, உடம்பு வெளியேற்றப் பார்க்கும் பொருளைத் தடுத்து நிறுத்தி. நீங்கள் சாப்பிடும் வேறு மருந்துகளிலும் அது கைவைக்கலாம். கிரீன் டீ மாத்திரையில் இன்னொரு கவலை: அதன் முக்கியமான கேட்டசின் (இதுவும் ஒரு வகைப் பாலிஃபீனால்), மாத்திரை வழியாக நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் உயரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் எச்சரித்தது. இரண்டுமே உங்களுக்கு வேண்டாம். ரசத்தில் மஞ்சளும் மிளகும் எப்போதும் போல இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது உங்கள் காலைச் சாப்பாடு. ராகித் தோலில் உள்ள பாலிஃபீனாலும் ஃபைட்டேட் என்ற இன்னொரு பொருளும் இரும்புச்சத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். மேலே டீயையும் ஊற்றினால் கேட்கவே வேண்டாம். பால் சேர்த்தாலும், டீக்குப் பதில் ஃபில்டர் காபி குடித்தாலும் இதே கதைதான். ராகியை முளைகட்டி அரைத்துக் கஞ்சி வையுங்கள், கூட ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ சாப்பிடுங்கள், டீயை ஒரு மணி நேரம் தள்ளுங்கள். அயர்ன் மாத்திரையையும் டீயோடு விழுங்காதீர்கள். அப்புறம், மாதவிலக்கு நின்ற வயதில் இரும்புச்சத்து குறைகிறது என்றால் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். டாக்டரிடம் இதை நீங்களே கேளுங்கள். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கேள்வி: பால் விட்டால் டீயின் நன்மை போய்விடும் என்கிறார்களே?
- வாசகர், விவேக் நகர், பெங்களூரு

பதில்: 2007ல் பெர்லினில் சில பெண்களிடம் செய்த ஆய்வில், கறுப்பு டீ ரத்தக் குழாயை நன்றாக விரியவைத்தது, பால் சேர்த்ததும் அந்தப் பலன் போய்விட்டது. ரத்தத்தில் ஏறும் கேட்டசினை அளந்த வேறு ஆய்வில் பாலால் வித்தியாசமே இல்லை. இவ்வளவுதான் சங்கதி, இதற்காகப் பாலை நிறுத்தச் சொல்ல மாட்டேன். எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லையே?