ஆறாம் வகுப்புப் பையன் கணக்கு நோட்டை எடுத்தாலே முகம் சுளிக்கிறான். ஆர்வம் வர என்ன செய்யலாம்?

ஆர்வத்தை முதலில் வரவழைத்துவிட்டு அப்புறம் கணக்கைச் சொல்லித்தரலாம் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் ஒரு கணக்கு பிடிபட்ட பிறகுதான் ஆர்வமே எட்டிப் பார்க்கும்.

இந்த வயதில் பலர் சறுக்குவது பின்னத்தில். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தால் உடனே சிவப்பு மையில் அடிக்காதீர்கள். மேலே மேலே, கீழே கீழே கூட்டியிருக்கிறான். முழு எண்ணில் பழகிய வழக்கம் அது. 12 செ.மீ. நீளத்தில் ஒரு காகிதப் பட்டை வெட்டிக் கொடுங்கள். பாதி 6 செ.மீ., மூன்றில் ஒன்று 4 செ.மீ., சேர்த்தால் 10 செ.மீ. அவன் சொன்ன 2/5-ஐ அளந்தால் 4.8 செ.மீ. தான் வரும். பாதியோடு இன்னொன்றைக் கூட்டியும் பாதியைவிடக் குறைந்துவிட்டதே! இதை அவனே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிட்டால் ருசி போய்விடும். 10/12 என்பது 5/6 என்று சுருக்குவது அதற்குப் பிறகு.

ஒரே மாதிரி இருபது கணக்கு வேண்டாம், ஆறு போதும்: தெரிந்தது இரண்டு, சற்றுக் கடினமானது மூன்று, கடைசியாக நீங்கள் வேண்டுமென்றே தப்பாகப் போட்ட ஒன்று. பிழை பிடிப்பதில் பிள்ளைகளுக்குத் தனி குஷி.

கடிகாரத்தை வைத்து வாய்ப்பாடு கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். பதற்றம் வந்தால், மனக்கணக்குக்கு வேண்டிய கவனத்தை அதுவே தின்றுவிடும். தெரிந்த 7 × 8 கூட மறக்கும். பாராட்டும்போது “கெட்டிக்காரன்” என்பதைவிட, “பட்டையை 12 பங்காகப் பிரித்தாயே, அதுதான் சரியான வழி” என்று சொல்லுங்கள். “எனக்கும் கணக்கு வராது” என்று ஆறுதல் சொல்வதையும் விட்டுவிடுங்கள்.