இழுபட்ட தண்டுவடம்: செவிலியர் தரும் பதில்கள்

நரம்பியல் அறுவைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய செவிலியர், வேலூர் வட்டாரக் குடும்பங்களின் கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறார்.

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய்: சிஸ்டர், என் ஐந்து வயது மகளுக்கு இடுப்பின் நடுவே பிறந்ததிலிருந்து ஒரு முடிக்கற்றை உண்டு. அது அதிர்ஷ்டம் என்கிறார் என் மாமியார். நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு இப்போது திரும்பிவிட்டது. பகலிலும் உள்ளாடை நனைகிறது. திட்டினால் அழுகிறாள்.

இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், அம்மா. தண்டுவடத்தின் நுனி பொதுவாக முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு அருகே முடிந்து, கட்டின்றி அசையும். நுனியிலிருந்து கீழிறங்கும் இழை தடித்தோ, கொழுப்புக் கட்டியோ அதைக் கீழே பற்றிக்கொண்டால், குழந்தை வளர வளர அது இழுபட்டு, அதன் இரத்த ஓட்டம் குறைகிறது. சிறுநீர்ப்பைக்கான நரம்புகள் அந்த அடிப்பகுதியிலிருந்தே புறப்படுவதால், நடை மாறும் முன்பே சிறுநீரில் மாற்றம் தெரியலாம். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, தயவுசெய்து திட்டாதீர்கள். முடியை மழிக்காமல் நரம்பியல் அறுவை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். ஒரு கால் செருப்பு மட்டும் ஓரமாகத் தேய்ந்திருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், சிறுநீர்ப்பையின் அழுத்தத்தையும் செயல்பாட்டையும் அளக்கும் யூரோடைனமிக் ஆகிய இரு பரிசோதனைகளும் தேவைப்படலாம்.

ஆற்காட்டிலிருந்து ஒரு தந்தை: அறுவை செய்தால் கால் விழுந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். செய்யாமல் இருந்தால் என்ன?

தொந்தரவு கூடிவரும் குழந்தைக்குக் காத்திருப்பதே பெரிய ஆபத்து என்பது என் உறுதியான எண்ணம். அறுவையிலும் ஆபத்து உண்டு. தடித்த இழையை மட்டும் வெட்டுவதில் அது குறைவு, நரம்புகளோடு பின்னிய கொழுப்புக் கட்டியில் அதிகம். அதனால்தான் வெட்டும் முன் மின்தூண்டல் கொடுத்து, எது நரம்பு, எது வெறும் இழை என்று பிரித்தறிகிறார்கள். பின்னர் சில நாட்கள் தட்டையாகப் படுக்க வைப்பது தண்டுவடத்தைச் சூழ்ந்த நீர் கசியாமலிருக்கத்தான். கட்டு நனைந்தாலோ, எழுந்து உட்கார்ந்தால் தலை வலித்தாலோ உடனே சொல்லுங்கள். வலி பெரும்பாலும் குறையும், கால் பலவீனம் சிலருக்குத் தேறும். நீண்ட நாள் கெட்டிருந்த சிறுநீர்ப்பை முழுமையாகத் திரும்புவது அரிது. இருப்பதை மேலும் இழக்காமல் காப்பதே முதல் நோக்கம்.

ஆம்பூர் இளைஞர்: சிறுவயதில் அறுவை முடிந்தது. இப்போது மறுபடியும் கால்வலி.

அறுவைத் தழும்பு தண்டுவடத்தை மீண்டும் பற்றியிருக்கலாம், தம்பி. அறுவைக்குப் பிறகும் ஸ்கேனில் நுனி தாழ்வாகவே தெரியக்கூடும் என்பதால், படம் மட்டும் போதாது. பழைய ரிப்போர்ட்டுகளோடு உங்கள் அறிகுறிகளை ஒப்பிட்டே முடிவெடுப்பார்கள்.

வாலாஜாவிலிருந்து ஒரு தாய்: டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்கச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எப்படி?

தேங்கும் சிறுநீரும் உயர்ந்த அழுத்தமும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டியூப் அதைக் காக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் தாமே சக்கர நாற்காலியில் இருந்தபடி உருவாக்கிய பாகாயம் மறுவாழ்வு மையம், 1966 முதல் தண்டுவடப் பாதிப்புள்ளோரைப் பிறரைச் சாராமல் வாழப் பழக்கிவருகிறது. சோப்பால் கை கழுவி, மருத்துவர் குறித்த இடைவெளியில், வழக்கமாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் வழியே சிறுநீரை எடுக்க வேண்டும். தலைமை ஆசிரியரிடம் தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறையைக் கேட்டுப் பெறுங்கள். குழந்தை தானே செய்யக் கற்றுக்கொள்ளும்வரை மதிய இடைவேளையில் நீங்களே சென்று வாருங்கள்.