மூன்று மாதப் பேக்கேஜ் கட்டும் முன்

கேள்வி: எனக்கு வயது 43. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. ஐந்து மாதமாக வாரம் இரண்டு, மூன்று நாள் ஜிம்முக்குப் போகிறேன். முதல் இரண்டு மாதம் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. ஸ்குவாட், அதாவது உட்கார்ந்து எழும் பயிற்சி செய்யும்போது இடது முழங்கால் லேசாக வலிக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தனி ட்ரெய்னர் வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜிம்மில் சொல்கிறார்கள். வாரம் மூன்று நாள், மூன்று மாதப் பேக்கேஜ். மாதச் சந்தாவைப் போல ஐந்து மடங்கு ஆகிறது. கட்டலாமா, இல்லை வீண் செலவா?

பதில்: உங்களுக்கு ஒரு நல்ல பயிற்சியாளர் தேவை. ஆனால் அந்தப் பேக்கேஜ் தேவையில்லை. எட்டு செஷன் போதும், அதன் பிறகு மாதத்துக்கு ஒன்று. நானும் இதே தொழிலில் இருக்கிறேன். பலர் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டியும் தனியாக ஒரு நாள் பயிற்சி செய்யத் தெரியாமல் நிற்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், முன்னேற்றம் நின்றுபோனது பற்றி. எடைப் பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் பலம் வேகமாகக் கூடும். அப்போது தசை பெரிதாக வளர்ந்திருக்காது. இருக்கிற தசையை முழுதாக வேலை வாங்க மூளையும் நரம்புகளும் பழகிக்கொள்கின்றன, அவ்வளவுதான். அந்தப் பழக்கம் முடிந்ததும் உடம்பு மேலே போக ஒரு காரணம் வேண்டும். தூக்கும் எடையோ தடவைகளோ சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், 1940களிலேயே இதை ஒரு முறையாக வகுத்துக் காட்டினார். இன்றைய எந்தப் பயிற்சித் திட்டத்தைப் பிரித்துப் பார்த்தாலும் அடியில் இதுதான் இருக்கும்.

இப்போது உங்களையே கேட்டுப் பாருங்கள்: மூன்று மாதத்துக்கு முன் எந்த டம்பெல்லை எடுத்தீர்கள், நேற்று எதை எடுத்தீர்கள்? நினைவில்லை என்றால், அல்லது இரண்டும் ஒன்றே என்றால், நின்றுபோனதற்கான காரணத்தின் பெரும்பகுதி கையில் கிடைத்துவிட்டது. பணம் கட்டுவதற்கு முன் நான்கு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதி வாருங்கள். என்ன பயிற்சி, எவ்வளவு எடை, எத்தனை தடவை என்பது போதும். எல்லா செட்டிலும் (இடையில் ஓய்வில்லாமல் செய்யும் ஒரு சுற்றுதான் செட்) 12 தடவை சுத்தமாக முடிகிறது, அடுத்த முறையும் முடிகிறது என்றால் எடையை ஒரு படி கூட்டுங்கள். வலி தரும் ஸ்குவாட்டை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

அப்படியானால் ட்ரெய்னர் எதற்கு என்று கேட்கலாம். 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். ஓரளவு பயிற்சி அனுபவம் உள்ள ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, 12 வாரம் ஒரே திட்டத்தைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு அருகில் பயிற்சியாளர் இருந்தார், இன்னொரு குழு தானாகவே செய்தது. பயிற்சியாளர் இருந்த குழுவினரின் பலம் அதிகமாகக் கூடியது. திட்டம் ஒன்றே என்பதால் வித்தியாசம் வேறு இடத்திலிருந்து வந்தது: அவர்கள் எடையை வேகமாகவும் கூடுதலாகவும் ஏற்றிக்கொண்டே போனார்கள். தனியாகச் செய்கிறவர் தன்னால் முடிந்ததைவிடக் குறைந்த எடையிலேயே நின்றுவிடுவதை நான் தினமும் பார்க்கிறேன். சோம்பல் அதற்குக் காரணமில்லை. எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

இது கற்றுக்கொள்ளக்கூடிய திறமை. ஒரு செட் முடித்ததும், "சுத்தமாக இன்னும் எத்தனை தடவை முடியும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு அல்லது மூன்று என்று பதில் வந்தால் எடை சரி. ஆறு, ஏழு என்றால் குறைவு. புதியவர்களுக்கு இந்தக் கணிப்பு முதலில் தப்பும். அருகில் இருந்து "நிறுத்தாதீர்கள், இன்னும் மூன்று இருக்கிறது" என்று சொல்லித் திருத்த ஒருவர் வேண்டும். சில வாரத்தில் அந்த அளவு உங்களுக்கே பிடிபட்டுவிடும். ட்ரெய்னருக்குக் கொடுக்கும் பணத்தில் எனக்கு மிக மதிப்பாகத் தெரிவது இந்தப் பாடம்தான். இதற்கு 36 செஷன் ஆகாது.

அடுத்து முழங்கால். வீக்கம் இருக்கிறதா, நடக்கும்போது மூட்டு மாட்டிக்கொள்கிறதா, திடீரென மடங்கி விழப் பார்க்கிறதா, ஓய்வில் இருக்கும்போதும் வலிக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் முதலில் எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ போங்கள். நோயைக் கண்டறிவது ட்ரெய்னரின் வேலை இல்லை. "முட்டியை நான் சரி பண்ணித் தருகிறேன்" என்று ஒரு ட்ரெய்னர் சொன்னால் அவரிடம் போகாதீர்கள்.

ஸ்குவாட்டின்போது மட்டும் லேசாக வலிக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றால், அங்கேதான் பயிற்சி பெற்ற ஒரு கண் உதவும். கால்களுக்கு இடையே உள்ள அகலம், பாதம் திரும்பியிருக்கும் கோணம், இறங்கும் வேகம், ஆழம், எடை என்று ஐந்தாறு விஷயங்களில் எது காரணம் என்பதைக் கண்ணாடி முன் நின்று நீங்களே பிடிப்பது கடினம். நல்ல ட்ரெய்னர் எடையைக் குறைப்பார், ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து எழச் சொல்வார், ஆழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். முழங்கால் பாதவிரலைத் தாண்டவே கூடாது என்பதை மட்டும் விதியாகப் பிடித்துக்கொண்டிருப்பவரை நான் அவ்வளவாக நம்ப மாட்டேன். படிக்கட்டில் இறங்கும்போதுகூட முழங்கால் தாண்டத்தான் செய்கிறது.

இரத்த அழுத்தம் இன்னும் முக்கியம். கனமாகத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டால் அழுத்தம் அந்தக் கணத்தில் சட்டென்று ஏறும். தூக்கும்போது மூச்சை விடுவது, தலை கீழாக இருக்கும் பயிற்சிகளில் நிதானம், தரையிலிருந்து மெதுவாக எழுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் சொல்லிப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். சில மாத்திரைகள், குறிப்பாக பீட்டா பிளாக்கர் வகை, இதயத் துடிப்பைக் குறைத்தே வைத்திருக்கும். அப்போது ட்ரெட்மில்லில் காட்டும் துடிப்பு எண்ணை இலக்காக வைத்துக்கொள்வது தவறாகிவிடும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவில் மூச்சு வாங்கினால் அது மிதமான வேகம். அதுவே உங்களுக்கு நம்பகமான அளவுகோல்.

ஆளைச் சோதிக்கவும் இது நல்ல இடம். முதல் நாளே உங்கள் நோய், மருந்து, பழைய காயம் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் நேராகப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறவர் எவ்வளவு கட்டான உடம்பு வைத்திருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

ஊக்கத்துக்காக ட்ரெய்னர் வைப்பவர்களும் உண்டு. யாராவது காத்திருக்கிறார் என்றால்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவேன் என்பவருக்கு அது நியாயமான செலவுதான், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் புதிய பழக்கம் ஒன்று தானாக நடக்கும் நிலைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தபோது, 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. நடுவளவு 66 நாள். ஆகவே ஊக்கத்துக்காக வைப்பவர் இரண்டு, மூன்று மாதம் வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. உங்கள் கதை வேறு. ஐந்து மாதமாக யாரும் துரத்தாமல் போய்வந்திருக்கிறீர்கள். பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம்.

நடைப்பயிற்சி, சைக்கிள் என்று பொதுவான ஆரோக்கியம் மட்டும் போதும் என்பவருக்கும் தனி ட்ரெய்னர் அவசியமில்லை. உலக சுகாதார அமைப்பு 2020இல் சொன்ன அளவு பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும். முதல் பாதிக்குக் காலணி போதும். ஆனால் 65 வயதைத் தாண்டி, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு வருகிறவர்கள், அறுவைச் சிகிச்சைக்குப் பின் பிசியோதெரபி முடித்தவர்கள், பிரசவத்துக்குப் பின் திரும்புகிறவர்கள், இவர்களுக்கு நீண்ட நாள் துணை தேவைப்படலாம்.

சரி, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் தன்னை ட்ரெய்னர் என்று சொல்லிக்கொள்ளலாம், உரிமம் எதுவும் தேவையில்லை. ஏசிஎஸ்எம், என்எஸ்சிஏ, ஏசிஇ, என்ஏஎஸ்எம் போன்ற அமைப்புகளின் சான்றிதழ் இருந்தால், அடிப்படையாவது படித்திருக்கிறார் என்று கொள்ளலாம். அது இன்னும் காலாவதியாகவில்லையா, முதலுதவியும், இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் சிபிஆரும் தெரியுமா என்றும் கேளுங்கள். ஆனால் சான்றிதழைவிட அதிகம் சொல்வது அவர் வேலை செய்யும் விதம். ட்ரெட்மில்லில் நடந்தபடி, அவர் வேறொருவருக்குப் பயிற்சி கொடுப்பதை அரைமணி நேரம் கவனியுங்கள். அவர் பார்வை எங்கே இருக்கிறது, செய்பவரின் உடம்பிலா, கையில் இருக்கும் போனிலா? எல்லோருக்கும் ஒரே பயிற்சியா? அடுத்த முறை பார்க்க எதையாவது எழுதிக்கொள்கிறாரா? எண்ணிக்கை சொல்வதற்கு மட்டும் ஓர் ஆள் வேண்டாம்.

"வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைத்துத் தருகிறேன்" என்பவர் நடக்காததை விற்கிறார். எந்த இடத்தில் கொழுப்பு குறையும் என்பதைப் பயிற்சியால் தீர்மானிக்க முடியாது. முதல் வாரமே பவுடர் டப்பாவை நீட்டுகிறவரும் வேண்டாம். இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: மறுநாள் எழுந்திருக்க முடியாத அளவு வலித்தால்தான் நல்ல பயிற்சி என்று நம்பும் ட்ரெய்னர் ஆபத்தானவர். பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் அளவுக்கு மீறி வருத்தினால் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். கடும் தசை வலியும் வீக்கமும் வந்து, சிறுநீர் டீ நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எட்டு செஷனை இப்படிக் கேளுங்கள். வாரம் ஒன்று, மற்ற இரண்டு நாள் தனியாக. முதல் செஷனில் உங்களைப் பற்றிய விவரங்களும், உடம்பு எப்படி அசைகிறது என்ற பரிசோதனையும். அதன்பின் ஐந்து அசைவுகள்: உட்கார்ந்து எழுவது, இடுப்பிலிருந்து குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. ஜிம்மில் உள்ள பெரும்பாலான பயிற்சிகள் இவற்றின் பிள்ளைகள்தான். ஒவ்வொன்றையும் உங்கள் போனில் பக்கவாட்டிலிருந்து படம் பிடித்து வையுங்கள், பின்னர் தனியாகச் செய்யும்போது ஒப்பிட உதவும். எடையை எப்போது கூட்டுவது, மோசமாகத் தூங்கிய நாளில் எவ்வளவு குறைப்பது, ஒரு வாரம் விட்டுப்போனால் எங்கிருந்து தொடங்குவது, இதையெல்லாம் துருவிக் கேளுங்கள். ஏழாவது செஷனில் 12 வாரத் திட்டம் ஒன்று எழுத்தில் கையில் இருக்க வேண்டும். எட்டாவதில் நீங்கள் முழுப் பயிற்சியையும் செய்ய, அவர் பேசாமல் நின்று பார்க்க வேண்டும். அவர் வாய் திறக்க வேண்டியிருந்த இடங்களே மாதாந்தர செஷனில் பார்க்க வேண்டியவை.

இதைச் சொன்னதும் நல்ல ட்ரெய்னர் சந்தோஷப்படுவார். தயங்கினால் ஏன் என்று கேளுங்கள், உங்கள் முழங்காலை வைத்து நியாயமான காரணம் சொன்னால் பத்து, பன்னிரண்டு என்று கூட்டிக்கொள்ளலாம். ஜிம் நிர்வாகம் மூன்று மாதத்துக்குக் குறைந்து தர மாட்டோம் என்றால், பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் கிடைக்குமா, அந்த ட்ரெய்னர் வேலையை விட்டுப் போனால் என்ன, வராத நாள் கணக்கில் சேருமா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வெளியிலிருந்து ஆளைக் கூட்டி வருவதானால், உங்கள் ஜிம் அதை அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள், பல ஜிம்கள் விடுவதில்லை. ஆன்லைன் ட்ரெய்னர் மலிவாகக் கிடைப்பார். ஆனால் முழங்கால் வலி தீரும்வரை நேரில் பார்க்கிறவரையே வைத்துக்கொள்ளுங்கள்.